பேப்பர் முடிச்சுட்டு வா

போன வருஷம் புரட்டாசி முதல் சனிக்கிழமை, விடியற்காலை ஐந்தரை மணி. அம்மா வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தத்தில் விழித்து, படுத்தபடியே போனை எடுத்தேன். நாற்பதுக்கு மேல் வாட்ஸ்அப் மெசேஜ்கள். யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். வெளிநாட்டில் இருப்பவனுக்கு அந்நேரத்தில் அவ்வளவு மெசேஜ் வந்தால் வேறு அர்த்தம் கிடையாது. அப்புறம்தான் உறைத்தது. நான் இப்போது காஞ்சிபுரத்தில், பிள்ளையார்பாளையத்தில், என் வீட்டுத் தரையில் படுத்திருக்கிறேன். வருஷக்கணக்காகப் பயந்துகொண்டிருந்த அந்தச் செய்தி ஏற்கெனவே வந்து முடிந்துவிட்டது.

தேதி 2025 செப்டம்பர் 20. அமெரிக்காவில் அப்போது வெள்ளிக்கிழமை இரவு. சில மணி நேரம் முன்பு ட்ரம்ப் ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார். எச்-1பி விசாவில் வேலை பார்ப்பவர் வெளியிலிருந்து நாட்டுக்குள் வர வேண்டுமானால், அவருக்காக ஒரு லட்சம் டாலர் கட்டப்பட்டிருக்க வேண்டும். நம் கணக்கில் சுமார் 88 லட்சம். அமலுக்கு வருவது 21ஆம் தேதி, அமெரிக்கக் கிழக்கு நேரப்படி நள்ளிரவு 12:01. இந்திய நேரம் ஞாயிறு காலை 9:31.

புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு மட்டுமா, ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்தா என்று படித்தால் புரியவில்லை. வர்த்தக அமைச்சர் லட்னிக் வருஷா வருஷம் கட்ட வேண்டும் என்கிற மாதிரி பேசியிருந்தார். மைக்ரோசாஃப்ட், அமேசான் மாதிரி கம்பெனிகள் வெளியே இருக்கிற ஊழியர்களை உடனே திரும்பச் சொல்லிவிட்டன. சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பத் தயாராக நின்ற விமானத்திலிருந்து இந்தியர்கள் இறங்கிக்கொண்டார்கள் என்று ஒரு வீடியோ சுற்றியது. என் கம்பெனி வக்கீலின் மெயிலும் வந்திருந்தது. முடிந்தால் கெடுவுக்குள் உள்ளே வந்துவிடு, இவ்வளவுதான் சாரம்.

கணக்குப் போட்டேன். கையில் 28 மணி நேரம். சென்னை விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம். வளைகுடா வழியாக நியூயார்க் பக்கம் போய் இறங்க இருபது, இருபத்திரண்டு மணி நேரம். இந்த நிமிஷம் கிளம்பினால் முடியும்.

ஆனால் அந்த ஞாயிறு மகாளய அமாவாசை. நைனாவுக்கு எள்ளும் தண்ணீரும் விடத்தான் நான் வந்திருந்தேன்.

*

நைனா என்றால் அப்பா. எங்கள் வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவோம். தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். பாட்டி காலத்தோடு வீட்டுத் தெலுங்கு போய்விட்டது. நைனா என்ற ஒரு சொல் மட்டும் தங்கியது. அவர் நாற்பது வருஷம் குழித்தறியில் உட்கார்ந்தவர். முட்டி போன பிறகு கூட்டுறவு சொசைட்டியில் சேலை எடை பார்க்கும் வேலை. அண்ணா பிறந்த ஊர், எங்கள் தெருவில் பாதிப் பேர் பரம்பரையாக உதயசூரியன். நைனா மட்டும் துக்ளக் வாசகர். சோவின் தீவிர ரசிகர். 2016 டிசம்பரில் சோ இறந்தபோது அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால் ஜெயலலிதா இறந்தபோதுகூட மதியம் சாப்பிட்டார் என்று அம்மா இன்றைக்கும் சொல்வாள்.

அவருக்கு விதி என்றால் விதி. கோயிலில் சிறப்பு தரிசன டிக்கெட் வாங்க மாட்டார், வரிசையில்தான் நிற்பார். நெல்லுக்காரத் தெருவில் சித்ரகுப்தர் கோயில் இருக்கிறது. கையில் எழுத்தாணியும் ஏடுமாக உட்கார்ந்திருக்கும் சாமி. "இந்த ஊர்ல ஒழுங்கா ரெக்கார்ட் மெயின்டெயின் பண்றவர் அவர் ஒருத்தர்தான்" என்பார். சித்ரா பௌர்ணமிக்கு அம்மா அந்தக் கோயிலுக்குப் போகும்போது ஒரு நோட்டைக் கொடுத்து அனுப்புவார், சாமி காலடியில் வைத்து எடுத்து வரச் சொல்லி.

அந்த நோட்டு என்னுடையது. சொசைட்டியில் நெசவாளருக்குக் கொடுக்கும் கூலி நோட்டு. எழுதாத பழசு ஒன்றை வைத்திருந்தார். பாவு கொடுத்த தேதி என்ற கட்டத்தில் என் விசா ஆரம்பிக்கும் தேதி. சேலை வந்த தேதி என்ற கட்டத்தில் அது முடியும் தேதி, சிவப்பு மையில். 2016இல் எம்.எஸ். படிக்கப் போன எஃப்-1இலிருந்து ஒன்று விடாமல் எழுதியிருந்தார். எனக்கே மறந்துபோன ரசீது எண்கள் அதில் இருந்தன. என் பாஸ்போர்ட் காலாவதியாக எட்டு மாதம் இருக்கும்போது போன் பண்ணி, "ஐ-94 தேதி பாஸ்போர்ட் தேதியோட நின்னுடும்னு சொன்னியே, மாத்திட்டியா?" என்று கேட்டவர் அவர்தான். நான் மாற்றியிருக்கவில்லை.

இந்த ஐ-94 விஷயத்தை அமெரிக்காவுக்குப் போகாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசா, வாசல் வரை வருவதற்கான அனுமதி. உள்ளே விடுவதா வேண்டாமா என்பதை விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி முடிவு செய்வார். எத்தனை நாள் இருக்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. அது இப்போது வெறும் இணையப் பதிவு. உள்ளே இருக்கும்போது விசா காலாவதியானாலும் தலை போகாது. வெளியே காலை வைத்துவிட்டால், திரும்ப உள்ளே வர அது வேண்டும். உள்ளே இருந்துகொண்டே ஸ்டேட்டஸ் மாற்ற விண்ணப்பம் போட்டுவிட்டு, முடிவு வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக அர்த்தம். அனுமதியில்லாமல் 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுப் போனால் மூன்று வருஷம் வர முடியாது. ஒரு வருஷம் தங்கியிருந்தால் பத்து வருஷம். இது 1996 சட்டம். விசித்திரம் என்னவென்றால், இந்தத் தண்டனை அவன் வெளியே போகும்போதுதான் ஆரம்பிக்கிறது. வருகிறவனைத் தடுக்க எழுதிய விதிகள்தான் எல்லாம். நடைமுறையில் அவை உள்ளே இருப்பவனைப் போகவிடாமல் பிடித்து வைத்திருக்கின்றன. நியூ ஜெர்சியில் எனக்குத் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் கல்யாணமோ சாவோ எதுவானாலும் முதலில் எடுத்துப் பார்ப்பது பாஸ்போர்ட்டைத்தான்.

கிரீன் கார்டு வாங்கிவிட்டால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் தீரும். வேலை வழியாக வருஷத்துக்கு 1,40,000 கார்டுகள், எந்த நாட்டுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் 7, இந்தியாவுக்கும் 7. புதிதாக வரிசையில் சேரும் இந்தியர் 134 வருஷம் காத்திருக்க வேண்டும் என்று 2023இல் கேட்டோ இன்ஸ்டிட்யூட் கணக்குப் போட்டது. நைனாவிடம் சொன்னேன். எங்கள் ஊர் அத்தி வரதர் நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை குளத்திலிருந்து வெளியே வருபவர். 1979, அப்புறம் 2019. நைனா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "மூணு வரதருக்கு மேல ஆகும்போல" என்றார்.

*

அவரோடு நான் அதிகம் சண்டை போட்டது 2019 டிசம்பரில், குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது. "கதவு இருந்தாத்தான்டா வீடு. இல்லாட்டி சத்திரம்" என்றார். அமெரிக்காவில் ட்ரம்ப் சுவர் கட்டுவதும் அவருக்குச் சரிதான். "அவன் வீடு, அவன் கதவு. நீ கேட்டுட்டுப் போன, டோக்கன் வாங்கிட்டுப் போன. சுவர் ஏறிக் குதிக்கிறவனுக்கு நீ ஏன் வக்காலத்து வாங்கற?"

நான் ஈழத்துக்காரர்களை இழுத்தேன். 1983இலிருந்து படகில் வந்து முகாம்களில் இருப்பவர்கள். அந்தச் சட்டத்தில் அவர்கள் இல்லை. கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்து, அங்கேயே கல்யாணம் பண்ணி, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் இன்னமும் வெளிநாட்டவர். அவர்கள் எந்தச் சுவர் ஏறினார்கள்? நைனா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது தப்புதான்" என்றார். அப்புறம், "ஆனா ஒரு தப்பைக் காட்டி கதவே வேணாம்னு சொல்லாத." போன வருஷம் செப்டம்பர் தொடக்கத்தில் மத்திய அரசு ஒரு உத்தரவு போட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களிடம் பாஸ்போர்ட், விசா இல்லாவிட்டாலும் அதற்காகத் தண்டனை இல்லை. குடியுரிமை இல்லை, தண்டனை மட்டும் இல்லை. நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு. நைனா இருந்திருந்தால் இதைக் கத்தரித்து நோட்டில் ஒட்டியிருப்பார். "பார்த்தியா, லேட்டானாலும் ஒழுங்கா பண்றாங்க" என்று சொல்லியிருப்பார், நான் கோபப்பட்டிருப்பேன்.

அவருடைய கருத்து துக்ளக்கில் படித்து வந்தது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது தறியிலிருந்து வந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

காஞ்சிபுரம் சேலைக்கு அடையாளம் கோர்வை. உடல் ஒரு நிறம், பார்டர் வேறு நிறம். மூன்று நாடா ஓடும். ஒரு பக்கம் நெசவாளர், இன்னொரு பக்கம் கூட ஒரு ஆள், பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை. நான் பத்து வயது வரை நைனாவுக்கு அந்தப் பக்கம் நாடா தள்ளியிருக்கிறேன். ஒவ்வொரு இழையிலும் உடலும் பார்டரும் ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டுக்கொள்ளும். சேலை கிழிந்தாலும் பார்டர் தனியாக வராது என்பார்கள். இதற்கு நாள் பிடிக்கும். விசைத்தறியில் சீக்கிரம் முடியும், ஆனால் கோர்வை இருக்காது. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. வெளியூர் விசைத்தறிச் சேலை காந்தி ரோட்டில் காஞ்சிபுரம் பட்டு என்ற பெயரில் விற்றது. நைனாவின் கூலி உயராமல் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் தெருவில் ஒவ்வொரு தறியாக நின்றது. தறிக்குழியை மண் போட்டு மூடி, மேலே சிமெண்ட் பூசி, அதில் பைக் நிறுத்தினார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1985இல் கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கிச் சட்டம் போட்டார்கள். முதலில் 22 ரகம், அப்புறம் 11. 2005-06இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சான்றிதழ் வந்த செய்தியை நைனா கத்தரித்து பீரோவுக்குள் ஒட்டி வைத்தார். "இனிமே சேலைக்கும் பாஸ்போர்ட்" என்றார். பாஸ்போர்ட் இல்லாத சேலை அப்புறமும் வந்தது. கடைக்காரருக்கு மலிவு வேண்டும், வாங்குகிறவருக்கும் மலிவு வேண்டும், தடுக்க வேண்டியவர்களுக்கு அவசரமில்லை.

ஒருமுறை அவரை மடக்கினேன். "பட்டு கர்நாடகாவுல இருந்து, சரிகை சூரத்ல இருந்து, நம்ம தாத்தா பாட்டி ஆந்திராவுல இருந்து. இதுல எது நைனா காஞ்சிபுரம்?"

"கோர்வை" என்றார். யோசிக்கவே இல்லை.

எனக்கு அப்போது பதில் இல்லை. இப்போதும் முழுசாக இல்லை. 2015இல் ஃப்ளோரிடா டிஸ்னியில் வேலை இழந்த கம்ப்யூட்டர் ஆட்கள், தங்கள் இடத்துக்கு வந்த இந்தியர்களுக்குத் தாங்களே வேலை சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு வந்த முதல் எண்ணம், இவர்கள் சோம்பேறிகள் என்பது. இரண்டாவது எண்ணம் வர நான்கைந்து வருஷம் ஆனது. அந்த ஃப்ளோரிடாக்காரர் என் நைனா. நான் விசைத்தறிச் சேலை.

இந்த ஒப்புமை எங்கள் குரூப்பில் யாருக்கும் பிடிக்காது. நாங்கள் மலிவு இல்லை, திறமைசாலிகள் என்பார்கள். திறமை இருக்கலாம். 2024 நிதியாண்டில் எச்-1பி ஒப்புதல்களில் 71 சதவீதம் இந்தியர்களுக்குத்தான். அதில் எத்தனை பேர் வேலை மாற முடியாததால் குறைந்த சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எங்களுக்கே தெரியும்.

*

2024 மார்ச்சில் எனக்கு வேலை போனது. என் பக்கத்து சீட்டு அமெரிக்கருக்கும் அதே நாள், அதே பதினைந்து நிமிஷ மீட்டிங்கில். ஐம்பது வயது, குடியரசுக் கட்சிக்காரர், எச்-1பியைக் குறைக்க வேண்டும் என்று என்னிடமே நேராகச் சொல்பவர். நைனாவுக்கும் அவருக்கும் மொழி மட்டும் பொதுவாக இருந்திருந்தால் நல்ல நண்பர்களாக இருந்திருப்பார்கள். அவர் வீட்டுக்குப் போய் மீன் பிடித்துக்கொண்டு அடுத்த வேலை தேடலாம். எனக்கு 60 நாள். அதற்குள் வேறு கம்பெனி மனு போடாவிட்டால் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். அவர் தனக்குத் தெரிந்த மூன்று கம்பெனிகளுக்கு என்னைப் பற்றி எழுதினார், தான் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கும்போதே.

ஐம்பத்தைந்தாவது நாள், நேரம் வாங்குவதற்காக பி-2வுக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பம் போட்டேன். மனைவியும் அதே விண்ணப்பத்தில். ஜூன் இரண்டாம் வாரம் ஒரு கம்பெனி ஆஃபர் கொடுத்தது. அவர்கள் மனு தயாரித்துக்கொண்டிருந்தபோது நைனாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

வக்கீலிடம் கேட்டேன். போகலாம், தடையில்லை என்றார். போனால் பி-2 விண்ணப்பம் போச்சு. புது மனு ஒப்புதலாகி, அதற்குப் பிறகு வெளியிலிருந்து உள்ளே வர வேண்டும். எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது. சேர வேண்டிய தேதிக்கு வராவிட்டால் ஆஃபர் நிற்குமா என்பது கம்பெனியைப் பொறுத்தது. மனைவியும் குழந்தையும் அங்கே எந்த ஸ்டேட்டஸில் இருப்பார்கள் என்பது இன்னொரு கேள்வி.

நைனாவிடமே கேட்டேன். வீடியோ காலில், மூக்கில் குழாயோடு இருந்தார். சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். மனு, ரசீது, தேதி. அவருக்குப் பிடித்த விஷயங்கள்தான்.

"பேப்பர் முடிச்சுட்டு வா" என்றார்.

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது நாள் கழித்து இறந்தார். கொள்ளி வைத்தது தம்பி. அப்பாவுக்கு மூத்தவன் வைக்க வேண்டும். தம்பி ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்தான். நான் நியூ ஜெர்சி சமையலறையில், இரவு இரண்டு மணிக்கு, சித்தப்பா பையன் பிடித்த போனில் பார்த்தேன். கூட்டத்தில் யாரோ இடிக்க, படம் ஆகாயத்துக்குப் போய்விட்டது. மனு ஆகஸ்டில் ஒப்புதலானது.

அடுத்த வருஷம் தலைத் திதிக்கும் நான் வரவில்லை. அதற்கு விசா காரணமில்லை. விசா செல்லுபடியாகத்தான் இருந்தது. பழைய கம்பெனி பெயரில் குத்தியதாக இருந்தாலும், புது ஒப்புதலோடு காட்டினால் போதும். புது வேலையில் லீவு கேட்கத் தயங்கினேன். பேப்பரைக் காரணம் சொல்லிப் பழகிய பிறகு, பேப்பர் இல்லாத இடத்திலும் அதையே சொல்ல வருகிறது.

*

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ஆறு மணிக்குள் மனைவி மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். "கிளம்பிடுங்க. யோசிக்காதீங்க. திதியை இங்க நம்ம கோயில்ல கொடுத்துக்கலாம்." அவள் சொன்னது நியாயம். நான்கு வயது மகள் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். டிக்கெட் விலை பார்க்கப் பார்க்க ஏறியது. தம்பி காருக்குச் சொல்லிவிட்டான். நான் பையைக் கட்டிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா வடைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"நைனா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்னு தெரியும்" என்றேன்.

"போன்னுதான் சொல்லியிருப்பாரு."

"நீ என்ன சொல்ற?"

"என்னை எதுக்குக் கேக்கற?" கிரைண்டரை நிறுத்தினாள். "போன வருஷம் என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை. வக்கீலைக் கேட்டேன், நைனாவைக் கேட்டேன், மனைவியைக் கேட்டேன். அம்மாவிடம் முடிவை மட்டும் சொன்னேன்.

காரைத் திருப்பி அனுப்பினேன். மனைவியிடம் சொன்னபோது "சரி" என்று வைத்துவிட்டாள். எனக்காக எந்தக் கம்பெனியும் 88 லட்சம் கட்டப்போவதில்லை. வாடகை, கார் லோன், குழந்தையின் பள்ளி, அவளுடைய எச்-4, எல்லாவற்றையும் அவளைக் கேட்காமல் பணயம் வைத்திருந்தேன். அவள் அதை இன்னும் மறக்கவில்லை. மறக்க வேண்டும் என்று நான் கேட்கவும் முடியாது.

சாயங்காலம் அம்மா, சின்ன காஞ்சிபுரத்தில் சொன்ன வண்ணம் செய்த பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். புரட்டாசி சனிக் கூட்டம். அந்தக் கோயில் கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன். பல்லவ ராஜா கேட்டதை அவர் செய்ய மறுத்தார். ராஜா நாடு கடத்தினான். சீடன் போனால் நானும் போகிறேன் என்று ஆழ்வார் கிளம்பினார். கிளம்பும்போது பெருமாளிடமும் சொன்னார். பெருமாள் பாம்புப் படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். ஊர் இருண்டது. மூவரும் ஒரு இரவு தங்கிய இடம்தான் பாலாற்றுப் பக்கம் இருக்கும் ஓரிக்கை. ஓர் இரவு இருக்கை. ராஜா ஓடி வந்து மன்னிப்புக் கேட்க, திரும்பி வந்தார்கள். போய்விட்டு வந்ததற்கு அடையாளமாகப் பெருமாள் திசை மாற்றிப் படுத்தார். இன்றும் அப்படித்தான் படுத்திருக்கிறார்.

வரிசையில் நின்றபடி அம்மாவிடம், "ராஜா போட்ட உத்தரவு ஒரே ராத்திரியில ரத்து, பார்த்தியா" என்றேன். "பெருமாள் கூடப் போனாரு, ரத்தாச்சு" என்றாள். "உன் கூட யாரு வந்தா?"

அன்று இரவு மொட்டை மாடியில் தம்பி ஒன்று சொன்னான். அவன் ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவன், அதிகம் பேச மாட்டான். "கடைசி ரெண்டு நாள் நைனா கேட்டுட்டே இருந்தாருண்ணா. 'அண்ணன் ஏர்போர்ட்ல இருந்து கிளம்பிட்டானா, ஸ்ரீபெரும்புதூர் தாண்டிட்டானா'ன்னு. டாக்டர் சோடியம் குறைஞ்சுடுச்சு, குழப்பமா பேசுவார்னு சொன்னார். அதான் உங்கிட்ட சொல்லல."

நான் ஒன்றும் கேட்கவில்லை. பேப்பர் முடித்துவிட்டு வா என்றது அவருடைய கொள்கையா, என் மேல் இருந்த கரிசனமா, நான் கேட்க விரும்பியதைச் சொன்னாரா? ஸ்ரீபெரும்புதூர் தாண்டிட்டானா என்று கேட்டது அவரா, சோடியமா? இதில் எதை அவருடைய கருத்து என்று எடுத்துக்கொள்வது?

தூக்கம் வரவில்லை. இரண்டு மணி வாக்கில் போனில் செய்தி வந்தது. வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் விளக்கம் கொடுத்திருந்தார். ஒரு லட்சம் டாலர் ஒரு தடவைதான், புது விசாக்களுக்கு மட்டும்தான். ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்கள் வழக்கம்போல் போய் வரலாம். குடியேற்றத் துறையும் அதையே குறிப்பாக வெளியிட்டது. அதற்குள் எத்தனையோ பேர் கல்யாண வீட்டிலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் கிளம்பி நடுவானில் இருந்தார்கள்.

அன்றுதான் எனக்கு நைனா மேல் வந்த கோபம் கொஞ்சம் இடம் மாறியது. ட்ரம்ப்புக்காக அவர் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. ஆனால் இந்தப் பிரகடனத்தை அவர் ஒப்புக்கொண்டிருக்கவே மாட்டார். சொசைட்டியில் ஒரு தடவை, பாவு ஏற்றி நெய்ய ஆரம்பித்த சேலைக்குப் பாதியில் டிசைனையும் கூலியையும் மாற்றினார்கள். ஒரு நாளும் குரல் உயர்த்தாதவர் அன்று ஆபீசில் கத்தினார். "அடுத்த பாவுக்கு என்ன வேணா மாத்திக்கோ. தறியில ஏறினதுல கை வைக்காதே." கதவு வேண்டும் என்று சொல்கிறவர்களில் எனக்குத் தெரிந்து இதையும் சேர்த்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்குக் கதவு மட்டும் போதும். கதவைச் சாத்தும் நேரத்தைச் சொல்லத் தேவையில்லை.

ஞாயிறு காலை சர்வ தீர்த்தக் குளத்தில் நிற்க இடமில்லை. படிக்கட்டு முழுக்க எள்ளும் வாழையிலையும். ஐயர் கடகடவென்று சொல்லிக்கொண்டு போனார். மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். நைனா பெயர், தாத்தா பெயர் சொன்னேன். கொள்ளுத்தாத்தா பெயர் எனக்கும் தம்பிக்கும் தெரியவில்லை. அவர்தான் ஆந்திராவிலிருந்து வந்தவர். "தெரியலைன்னா பரவால்ல, நாராயணன்னு சொல்லுங்க" என்றார் ஐயர். மணியைப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். பார்த்தேன். ஒன்பது இருபத்தைந்து.

ஒரு வாரம் கழித்து நியூவர்க்கில் இறங்கினேன். வரிசை நீளம், ஆனால் அதிகாரி இரண்டு கேள்விதான் கேட்டார். எந்தக் கம்பெனி, என்ன வேலை. பெட்டிக்காக நிற்கும்போதே ஐ-94ஐத் திறந்து தேதியைச் சரிபார்த்தேன். பிறகு அம்மாவுக்குப் போன் பண்ணி, வந்து சேர்ந்துவிட்டேன் என்றேன்.

"இரு" என்றாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. "எந்தத் தேதி வரைக்கும் போட்டிருக்கான்?"

"2027 ஆகஸ்ட்."

"ஆகஸ்ட்ல என்னிக்கு? அவர் தேதியோடதான எழுதுவாரு." தேதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, எழுதிக்கொண்டிருந்தாள் போல. அப்புறம், "சிவப்பு பேனா தீந்துபோச்சு, நீலத்துல எழுதிட்டேன்" என்றாள்.